எதிர்ப்பக்கத்துப் பட்டன்

தொடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே பூங்கோதை சூடேறிய சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தாள், பிறகு அதை ஸ்டாண்டிலேயே திரும்பச் செருகினாள். கை அரித்தது. மில்காரர்கள் கொண்டுவந்து போடும் மெஷின்களின் எலக்ட்ரானிக் கார்டுகளைச் சரிசெய்தே காலம் தள்ளிய கை அது. எந்த போர்டு வந்தாலும் பிரஷ்ஷால் தூசு தட்டி, தின்னர் விட்டுக் கழுவி, குப்புறப் போட்டு, மங்கிப்போன ஈயப் பற்றுகளையெல்லாம் மறுபடி உருக்கி ஓர் ஓட்டு ஓட்டிவிட்டுத்தான் அது மறுவேலை பார்க்கும். பாதிக் கார்டுகள் அதிலேயே பிழைத்துக்கொள்ளும். எது கெட்டது, ஏன் கெட்டது என்று யார் கேட்கிறார்கள், மில்காரருக்கு மெஷின் ஓடினால் சரி. ஆனால் இந்த போர்டில் அந்த வேலையைக் காட்டினால் குடி முழுகிப் போகும். எங்காவது ஒரு பற்று விட்டிருந்தால் அது ஒட்டிக்கொள்ளும், ஒட்டிக்கொண்டால் கெட்டிருந்ததற்கு அடையாளமே இருக்காது, அடையாளம் இல்லையென்றால் ஈஸ்வரமூர்த்தி அண்ணன் சாயங்காலம் வந்து, வயிறு குலுங்கச் சிரித்து, அதையே மறுபடியும் கேட்பான். கேட்கட்டுமே, என்ன இப்போது, அம்பது வயசுக்கு மேல் இதற்கெல்லாம் ரோசமா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். ரோசம்தான். ரோசமேதான். இந்த மெஷின் கெட்டதாகவே உயிர்பெற வேண்டும். டாக்டர் யாராவது இப்படி ஒரு வைத்தியம் பார்த்திருப்பாரா என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது, தனியாக ஷெட்டில் உட்கார்ந்து சிரிப்பதை வீட்டுக்காரர் சம்பத் பார்த்தால் அதற்கும் ஏதாவது சொல்வார். காலையிலிருந்தே அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இது வெறும் மெஷினா, அந்த மெஷின். காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, தகரக் கூரை வேய்ந்த மாடியில், செபாஸ்டின் அண்ணன் நடத்திய வீடியோ கேம் கடையில் ஜன்னலோரம் கிடந்த அதே மேஜை மெஷின். மேலே கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் மல்லாந்து கிடக்கும் டி.வி., இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து மாற்றி மாற்றி ஆட வேண்டும். இவருடைய முயல் கிணற்றில் விழுந்து செத்தால் படம் அப்படியே தலைகீழாகப் புரண்டு அவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும், அதை வேடிக்கை பார்க்கவே ஒரு கூட்டம் நிற்கும். முயல் ஓடும், கிணறு வரும், பட்டனை அமுக்கினால் தாவும், அவ்வளவுதான் ஆட்டம், அதற்குத்தான் அந்த அடிதடி. கடைக்கென்று ஒரு சட்டம் இருந்தது. ஜெயித்தவர் கதவைப் பார்த்த சீட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்தே இருக்கலாம். தோற்றவர் எழுந்து ஜன்னல் பக்கம் போக வேண்டும், அதற்குப் பெயர் தோத்தாங்குளி சீட்டு. அந்த முழுப்பரீட்சை லீவில் செபாஸ்டின் வைத்த போட்டியில் பையன்கள் அத்தனை பேரையும் மண்ணைக் கவ்வ வைத்துவிட்டு அவள் கடைசி ஆட்டத்துக்கு வந்தாள், எதிரில் சொந்த அண்ணன் ஈஸ்வரமூர்த்தி. போன வருஷம் ஜெயித்தவன் என்பதால் அவன் ராஜா சீட்டில், இவள் தோத்தாங்குளி சீட்டில். மத்தியான வெயில், தகரம் கொதித்தது, முதுகுக்குப் பின்னால் யாரோ முறுக்கு தின்றுகொண்டிருந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவள்தான் முன்னால் இருந்தாள். இன்னும் ஒரே கிணறு, தாண்டினால் ஜெயித்தாள். அமுக்கினாள். கட்டைவிரல் பட்டனை அடிவரைக்கும் அமுக்கியது, பட்டன் டொக்கென்றது, முயல் பாட்டுக்கு நேராக ஓடிக் கிணற்றில் விழுந்தது. "அமுக்குனேன்! நான் அமுக்குனேன்!" என்று அவள் கத்தினாள். அந்தக் கத்தல்தான் வினையாகப் போனது. மாடியே சிரித்தது. மறுநாள் காலையில் செபாஸ்டின் கடை திறந்ததும் பத்துப் பேரை வைத்துக்கொண்டு அந்தப் பட்டனை அமுக்கிக் காட்டினார், முயல் ஜம்மென்று தாவியது, "பட்டன் நல்லாத்தான் இருக்குது கண்ணு, விரல்தான் சரியில்ல" என்றார். அதோடு அவள் பெயர் 'அமுக்குனேன்' என்று மாறிவிட்டது. வீட்டில், தெருவில், பாலிடெக்னிக்கில், கல்யாண மேடையில்கூட. உப்புப் போட்டாயா என்று கேட்பார்கள், போட்டேன் என்பாள், "அமுக்குனயா?" என்பான் அண்ணன், பந்தியே சிரிக்கும்.

போன வாரம் உக்கடத்துப் பழைய சாமான் கடையில் ஒரு கார்டுக்கு டிரான்ஸ்பார்மர் தேடப் போனவள், பிரிட்ஜ் கதவுகளுக்கு நடுவே அந்த நான்கு கால்களைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கண் நம்பவில்லை, விரல்தான் நம்பியது. எதிர்ப்பக்கத்துப் பலகையின் அடியில் கையை விட்டுத் தடவினாள், இருந்தது, காம்பஸ் முள்ளால் அவள் கீறிய 'பூ'. அன்றைக்குத் தோற்றுவிட்டு, எல்லாரும் சிரித்து முடிக்கும்வரை தலையைத் தூக்காமல் கீறியது. பாதி கோணல். மெஷினை வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் காரியமாக அண்ணனுக்குத்தான் போன் போட்டாள். என்ன மெஷின் என்று சொல்லவில்லை, ஒரு ஆட்டம் போடலாம் வாங்க என்று மட்டும் சொன்னாள். அவன் உடனே கண்டுபிடித்துவிட்டான், போனிலேயே ஆரம்பித்துவிட்டான், பக்கத்தில் இருந்த யாரையோ கூப்பிட்டு "அமுக்குனேன் பேசுது" என்றான். வாண்ணா வா, என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இப்போது அந்த மெஷினின் டி.வி.யில் தெரிவது முயல் அல்ல, கண்றாவி. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை கோணல் மாணலாக எழுத்துகள், கோலம் போட்டதன் மேல் கோழி நடந்தது போல. கரண்ட் கொடுக்கும் பகுதியை நேற்றே சரிசெய்துவிட்டாள், வீங்கிப்போன கப்பாசிட்டர்களை மாற்றியதும் ஐந்து வோல்ட் சரியாக ஐந்து காட்டுகிறது. பட்டனையும் பார்த்துவிட்டாள், மீட்டரை வைத்து அமுக்கினால் பீப் என்கிறது, ஒயரும் போர்டு வரைக்கும் பீப். அப்படியென்றால் கோளாறு இருந்தால் அது போர்டுக்குள்தான். இருந்தால். அந்த 'இருந்தால்' வந்ததும் மனசு ஒரு தரம் சறுக்கியது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் படம். ஒன்று விட்டு ஒன்று கெடுகிறது என்றால் படத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும் மெமரி ஐ.சி. சில்லு ஜோடியில் ஒன்று போய்விட்டது என்று அர்த்தம். இரண்டும் போர்டின் வலது கோடியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன, இரண்டும் ஒரே மாதிரி நல்ல பிள்ளையாக முகத்தை வைத்துக்கொண்டிருந்தன. விரலை வைத்துப் பார்த்தாள், ஒன்று வெதுவெதுப்பு, ஒன்று சுட்டது. சுடுகிறவன்தான் திருடன். டப்பாவைத் துழாவி அதே நம்பரில் ஓர் ஐ.சி. எடுத்தாள், பழையதைக் கழற்றாமலே அதன் முதுகில் புதியதைச் சவாரி ஏற்றி, கால்கள் கால்களைத் தொடும்படி ஆள்காட்டி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சுவிட்சைப் போட்டாள். இது எப்போதும் பலிக்காது, பத்தில் நாலு தடவை பலித்தால் பெரிது. டி.வி. மெல்ல வெளுத்தது, கோழி நடந்த கோலம் வந்தது, போச்சு, இல்லை, விரலை இன்னும் கொஞ்சம் அழுத்து, அழுத்து, அங்கேதான், கோலம் நடுங்கியது, கலைந்தது, கலைந்த இடத்தில் பச்சையாய்ப் புல், சிவப்பாய்க் கிணறு, வெள்ளையாய், ஐயோ, காது நீட்டிக்கொண்டு முயல். "வந்துருச்சு!" என்று அவள் போட்ட கத்தலில் சம்பத் வாசல் வரை ஓடி வந்துவிட்டார்.

"ஷாக் அடிச்சிருச்சா?"

"முயலுங்க! முயல் வந்துருச்சு!"

"நாங்கூட உன்ற அண்ணன் வந்துட்டாரோன்னு நெனச்சேன்," என்றார் சம்பத். அவர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மத்தியானச் சோற்றுக்குப் பின் தூங்குகிறவர். "சோறு ஆறிப்போச்சு புள்ள. மொயல அமுக்கிப் புடிச்சுட்டே இருக்கப் போறயா?"

விரலை எடுத்தால் முயல் போய்விடும், அதனால் அவள் எடுக்காமலே சிரித்தாள். ஒரு நிமிஷங்க, ஒரே நிமிஷம் என்றாள். அந்த ஒரு நிமிஷத்தில் திருடனை வெட்டி எடுத்து, புதியதை அந்த இடத்தில் பற்றவைத்து, வேறு எந்தப் பற்றிலும் அயர்ன் நுனி படாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலையை முடித்தாள். அதற்குள் சம்பத் சாப்பிட்டுப் படுத்தே விட்டார். சோறு கிடக்கட்டும். சுவிட்ச். புல், கிணறு, முயல். சத்தமும் வந்தது, அந்தக் கிர்ர்ரென்ற சத்தம், அந்தச் சத்தத்தோடு முறுக்கு வாசனையும் எங்கிருந்தோ வந்தது. அவள் ராஜா சீட்டில் உட்கார்ந்து இருவர் ஆட்டம் போட்டு முதல் முயலைக் கிணற்றில் தள்ளிக் கொன்றாள். படம் புரண்டது. எழுந்து சுற்றிப் போய்த் தோத்தாங்குளி சீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் உள்ளங்கை வேர்த்துவிட்டது, பதினாறு வயசுக் கையா இது, மோதிரம் இறுகிப்போன கை. கிணறு வந்தது. அமுக்கினாள். முயல் தாவியது.

அடுத்த கிணறு, தாவியது. அடுத்தது, அடுத்தது, லேசாக அமுக்கினாலும் தாவியது, ஓரமாக அமுக்கினாலும் தாவியது, பழைய முயல் புது முயலைப் போலச் சமர்த்தாய்த் தாவிக்கொண்டே போனது, ஒவ்வொரு தாவலுக்கும் அவள் நெஞ்சு ஒரு படி கீழே இறங்கியது. பட்டன் நன்றாகத்தான் இருக்கிறது. செபாஸ்டின் அன்றைக்கே சொன்னார். போர்டும் நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் அமுக்கவில்லை. இத்தனை காலமாக அமுக்கினேன் அமுக்கினேன் என்று சாதித்தது எதை, விரலில் இன்னும் இருக்கிறதே அந்த டொக், அது எங்கிருந்து வந்தது, அவளே பின்னால் சேர்த்துக்கொண்டதா. தோற்ற வெட்கத்தில் ஒரு பொய் சொல்லி, சொல்லிச் சொல்லியே அது நிஜமாகிவிட்டதா. அப்படி ஒன்றை நிஜமாக்கிக்கொள்கிற மனசு என்றால், இன்னொன்றை, வேண்டாம், அங்கே போகாதே என்று சொன்னாள், மனசு எப்போது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது, அது நேராக அங்கேதான் போய் நின்றது. ஆஸ்பத்திரி வார்டு. ஜன்னலில் பச்சைத் திரை. அம்மாவுக்கு மூச்சு திடீரென்று இழுக்க ஆரம்பித்தபோது கட்டிலுக்கு மேலே ஒயரில் தொங்கிய அழைப்பு பெல்லின் பட்டனை அவள் அமுக்கினாள். அமுக்கிக்கொண்டே இருந்தாள். யாரும் வரவில்லை. பிறகுதான் ஓடினாள், வராந்தாவில் கத்திக்கொண்டே ஓடினாள், நர்ஸ்கள் ஓடி வந்தபோது அம்மா போய்விட்டிருந்தாள். பெல் அடிக்கவே இல்லையே என்றாள் ஒரு நர்ஸ், பயந்துபோய், பாவம், சின்னப் பெண். சாப்பாட்டு கேரியரோடு உள்ளே வந்த அண்ணன் அதைக் கேட்டான். கேரியரைக் கீழே வைத்தான். "நீ நெசமாவே அமுக்குனயா பாப்பா?" என்றான். சிரிக்காமல் கேட்டான். அவன் அந்தக் கேள்வியைச் சிரிக்காமல் கேட்டது அந்த ஒரு முறைதான். அமுக்குனேன்ண்ணா என்றாள், அவன் ஒன்றும் சொல்லவில்லை, அதற்கப்புறமும் சொல்லவில்லை, கொஞ்ச நாள் கழித்துப் பந்தியில் பழையபடி கேலி செய்ய ஆரம்பித்தபோது அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் அந்தச் சிரிக்காத கேள்வி உள்ளே போய்த் தைத்துக்கொண்டது. அமுக்கினேனா. அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு பட்டனைச் சும்மா கையில் பிடித்துக்கொண்டு நின்றேனா. முயல் இன்னும் தாவிக்கொண்டிருந்தது, சனியன் பிடித்த முயல், செத்துத் தொலையேன் என்று அவள் பட்டனிலிருந்து கையை எடுத்தாள், அது போய் விழுந்தது.

வெயில் ஷெட்டுக்குள் வந்து அவள் காலில் விழுந்தது. சுடுகிறதே என்று காலை இழுத்துக்கொண்டவள் அப்படியே நின்றாள். சுடுகிறது. சுடுகிறது! செபாஸ்டின் பட்டனை அமுக்கிக் காட்டியது எப்போது, காலையில், கடை திறந்ததும், மெஷின் பச்சைத்தண்ணியாகக் குளிர்ந்து கிடந்தபோது. போட்டி நடந்தது எப்போது, மத்தியானம், சித்திரை வெயிலில், தகரத்துக்கு அடியில், காலையிலிருந்து அணைக்காத மெஷினில். மில்லில் இருந்து வரும் கார்டுகளில் எத்தனை இப்படி வந்திருக்கின்றன, காலை ஷிப்டில் ஓடும், மத்தியானம் படுத்துக்கொள்ளும், இங்கே கொண்டுவந்து மேஜையில் போட்டால் ஒன்றும் தெரியாத பாப்பாவாக வேலை செய்யும், அப்போதெல்லாம் அவள் முதலில் செய்வது சூடு காட்டிப் பார்ப்பதுதானே, சொந்த வழக்கு என்றதும் படித்ததெல்லாம் மறந்துபோய்விட்டதே, புத்தி எங்கே மேயப் போயிருந்தது! அவள் வீட்டுக்குள் ஓடினாள், தலை காய வைக்கும் டிரையரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள், திரும்ப ஓடிப்போய் பிரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டிகளைக் கவரில் போட்டுக் கட்டி, துணியில் சுற்றி எடுத்து வந்தாள். "என்ன புள்ள, காய்ச்சலா?" என்று தூக்கத்திலேயே கேட்டார் சம்பத். காய்ச்சல்தாங்க, வரவைக்கத்தான் போறேன் என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்கு வந்தாள்.

மேஜையின் மூடியைத் தூக்கி நிறுத்தி, ஒரு கையில் டிரையர், ஒரு கை எதிர்ப்பக்கத்துப் பட்டனில், ராஜா பக்கத்து முயல் தன் முறைக்குத் தானாக விழட்டும். முதலில் ஒயர் வந்து செருகும் இடத்தில் சூடு காட்டினாள், முயல் தாவியது. அடுத்து அந்தச் சின்ன ரெசிஸ்டர் வரிசை, தாவியது. அதற்கு அடுத்தது ஓர் ஐ.சி., பட்டன்களின் ஒயரெல்லாம் வந்து சேர்கிற ஐ.சி., பட்டன் அமுக்கப்பட்டது என்று வெளியிலிருந்து வரும் சேதியை உள்ளே கொண்டுபோய்ச் சொல்வது அதன் வேலை. டிரையரை அதன் மேல் பிடித்தாள். கிணறு, தாவியது. கிணறு, தாவியது. பிடித்துக்கொண்டே இருந்தாள், பிளாஸ்டிக் வாசனை வந்தது, கையில் அனல் அடித்தது, கிணறு வந்தது, அமுக்கினாள், பட்டன் டொக்கென்றது, முயல் பாட்டுக்கு நேராக ஓடிக் கிணற்றில் விழுந்தது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்படியே அதே ஓட்டம், அதே விழுதல், தாவுவது போல ஒரு பாவனைகூடக் காட்டாமல். ஐஸ் துணியை எடுத்து அந்த ஐ.சி. மேல் வைத்தாள், அடுத்த முயல் தாவியது. துணியை எடுத்து டிரையரைக் காட்டினாள், விழுந்தது. ஐஸ், தாவியது. சூடு, விழுந்தது. அவள் டொக் டொக்கென்று அமுக்கிக்கொண்டே இருந்தாள், அந்த ஐ.சி. என்ற காவலாளி எதிர்ப்பக்கத்து வாசலில் மட்டும் சூட்டில் கண் அசந்துவிட்டான், வாசலில் நின்று எவ்வளவு தட்டினாலும் உள்ளே யாருக்கும் தெரியாது. அமுக்கினேன், அமுக்கினேன், அமுக்கினேன் என்று வாய்விட்டே சொன்னாள், கண்ணில் தண்ணீர் வந்து முயல் மங்கியது. ஆஸ்பத்திரி பெல்லுக்கும் எங்காவது இப்படி ஒரு காவலாளி இருந்திருப்பானோ.

சந்தோஷம் கொஞ்ச நேரந்தான் இருந்தது. அண்ணன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியாதா. "இத்தன வருஷம் கெடந்து இப்பக் கெட்டிருக்கும் பாப்பா" என்பான். டிரையரைப் பார்த்தால் "வறுத்துப் போட்டா எதுதான் வேல செய்யும், உன்னையே வறுத்தா நீ எந்திரிப்பயா" என்பான். அதில் நியாயமும் இருந்தது, அதுதான் எரிச்சல். அன்றைக்கும் இந்தக் காவலாளி தூங்கினான் என்பதற்கு என்ன சாட்சி, போர்டில் தேதியா போட்டிருக்கிறது. சாட்சி கிடையாது. இனிமேல் எந்தக் காலத்திலும் கிடைக்காது. ஐஸ் உருகித் துணி நனைந்து கையில் சொட்டியது. அவள் டிரையரை எடுத்து அலமாரியில் ஒளித்து வைத்தாள். ஒன்றும் சொல்லப் போவதில்லை, விளக்கப் போவதில்லை, மெஷினை மூடிப் பூட்டி ஓட விட்டுவிடலாம், அன்றைக்குப் போலத் தானாகச் சூடானால் ஆகட்டும், ஆகாவிட்டால் தலையெழுத்து. மூடியை இறக்கினாள். ஜன்னலைச் சாத்தினாள். ஷெட்டு ஃபேனை அணைத்தாள், கொஞ்ச நேரம் யோசித்து ரெகுலேட்டர் குமிழையே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள், அண்ணன் வந்ததும் முதலில் போடுவது ஃபேனைத்தான். பிறகு தட்டில் ஆறிப்போன சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். நடுநடுவே இடது கையைக் கண்ணாடிமேல் வைத்து, குழந்தைக்குப் பார்ப்பது போலச் சூடு பார்த்தாள்.

ஈஸ்வரமூர்த்தி டீ நேரத்துக்கு வந்தான், கையில் ஒரு பை கடலை மிட்டாய், சட்டை இப்போதே முதுகில் ஒட்டியிருந்தது. வந்ததும் மெஷினைப் பார்த்து அதன் கண்ணாடியைத் தடவினான். அதைப் பார்த்ததும் அவளுக்கு அவன்மேல் ஆசையாகத்தான் இருந்தது. அப்புறம் வாயைத் திறந்தான்.

"பட்டன் வேல செய்யுதா பாப்பா? இல்ல, அமுக்கோணுமா?"

சம்பத் டீ டம்ளரோடு வந்து சிரித்தார். "மச்சான், ஃபேனு ஓடல பாத்துக்குங்க. காலைல ஓடுச்சு, இப்பக் குமிழவே காணோம்."

"உக்காருங்ண்ணா," என்றாள் பூங்கோதை. அவன் கேட்காமலே ராஜா சீட்டில் போய் உட்கார்ந்தான், உட்கார்ந்து வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான். கடைசியாக ஜெயித்தவன் அவன், சட்டம் சட்டந்தான். அவள் எதிரில் உட்கார்ந்தாள். மெஷின் கண்ணாடி கையில் சுட்டது. இப்போதே தூங்கிவிடுமா காவலாளி, தூங்கினால் தோற்பது அவள்தான், மறுபடியும் கத்தப் போவது அவள்தான். அண்ணனுடைய முயல் தாவியது, தாவியது, மூக்குக்கண்ணாடி வழுக்கியதில் ஒரு கிணற்றைத் தவறவிட்டது. படம் புரண்டு இவள் பக்கம் வந்தது. கிணறு, அமுக்கினாள், தாவியது. இன்னும் தூங்காதே, இன்னும் கொஞ்சம் விழித்திரு சாமி என்று போர்டிலிருக்கும் அந்தக் கறுப்புத் துண்டைக் கெஞ்சிக்கொண்டே அமுக்கினாள். மாற்றி மாற்றிப் போனது, வேர்வை சொட்டியது, சம்பத் டீயை மறந்துவிட்டு அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். கடைசியில் அண்ணனின் கடைசி முயல் விழுந்தது, இவளுடையது ஒரு கிணறு கூடுதலாகத் தாண்டிவிட்டு விழுந்தது. அவள் ஜெயித்துவிட்டாள். தோத்தாங்குளி சீட்டிலிருந்து ஜெயித்துவிட்டாள்! மேஜையை இரண்டு கையாலும் தட்டினாள், சம்பத் விசிலடித்தார், அந்த நிமிஷம் அவளுக்கு ஐ.சி.யும் மறந்துவிட்டது, பட்டனும் மறந்துவிட்டது. அவள் எழுந்து நின்று, இந்தப் பக்கம் வா என்று அண்ணனுக்கு ஜன்னல் பக்கத்தைக் கையால் காட்டினாள்.

"சட்டம் சட்டந்தானுங்ண்ணா."

அவன் முணுமுணுத்துக்கொண்டே எழுந்து சுற்றி வந்தான், தோத்தாங்குளி சீட்டில் உட்கார்ந்தான். அந்தச் சீட்டில் அவனை அவள் பார்த்ததே இல்லை. அடுத்த ஆட்டம் தொடங்கியது. ஷெட்டு அடுப்பாகிவிட்டிருந்தது. அவள் முயல் சீக்கிரமே விழுந்தது, அவள் கண் முயலில் இல்லை. படம் புரண்டது. அண்ணன் குனிந்தான், நாக்கைக் கடித்துக்கொண்டான், சின்ன வயசில் கடிப்பது போலவே. கிணறு வந்தது. அவனுடைய தடித்த கட்டைவிரல் பட்டனை அடிவரைக்கும் அமுக்கியதை அவள் பார்த்தாள், டொக்கென்ற சத்தத்தையும் கேட்டாள். முயல் பாட்டுக்கு நேராக ஓடிக் கிணற்றில் விழுந்தது.

"அமுக்குனேன்!" என்று கத்தினான் ஈஸ்வரமூர்த்தி. "மாப்ள, நீங்க பாத்தீங்கல்ல? பாப்பா, நெசமா அமுக்குனேன்! நான் அமுக்குனேன்!"

எத்தனை வருஷமாக இந்த நிமிஷத்துக்குச் சேர்த்து வைத்திருந்தாள். திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி நாக்கு நுனியில் தயாராக இருந்தது, சிரிப்பும் தயாராக இருந்தது. ஆனால் அவன் முகம் அப்படியிருந்தது, வேர்த்து, சிவந்து, யாராவது நம்ப மாட்டார்களா என்று அவளையும் சம்பத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு.

"தெரியுமுங்ண்ணா," என்றாள். "நான் பாத்துட்டுத்தான இருந்தேன். நீங்க அமுக்குனீங்க."

அவன் பெருமூச்சு விட்டான். அப்புறம், தான் கத்தியது மெல்லத் தன் காதிலேயே விழுந்தது போல, அவன் பட்டனைப் பார்த்தான், உட்கார்ந்திருக்கும் பக்கத்தைப் பார்த்தான், சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்தான். அவள் தன் முறை முயலைத் தொடாமலே விழ விட்டாள், படம் திரும்பியதும் அவன் பட்டனை இன்னொரு தரம் அமுக்கினான், டொக்கென்றது. அடுத்த முயலும் நேராக ஓடி விழுந்தது. அவன் கையை எடுக்கவில்லை. படம் புரண்டு அவள் பக்கம் வந்தது, அவளும் தொடவில்லை.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில," என்று ஆரம்பித்தான். "அம்மாவுக்கு. நீ அமுக்கியிருப்ப பாப்பா."

பூங்கோதைக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஆமாங்ண்ணா," என்றாள். "அமுக்குனேன்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.